முகத்தைப் பார்த்து மூளை நரம்புகளை அறிவோம்

(கிராம சுகாதாரத் தொண்டர்களுக்கான பாடம்)

ஒரு கிராமத்தில் ஒரே வாரத்தில் இருவருக்கு வாய் கோணிப்போனதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் அறுபது வயதைத் தாண்டிய கமக்காரர். குருதி அமுக்கத்துக்கு மருந்து எடுத்து வந்தவர், சில மாதங்களாக அதை விட்டுவிட்டார். ஒருநாள் விடியற்காலை எழும்பித் தேநீர் குடித்தபோது அது கடைவாயால் வழிந்தது. இரண்டாமவர் முப்பது வயதுடைய தாய். முதல்நாள் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து பயணம் செய்தவர். மறுநாள் முகம் கழுவும்போது சவர்க்காரம் ஒரு கண்ணுக்குள் போய் எரிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

அயலவர்கள் இருவருக்கும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "வாதம் அடிச்சுப்போட்டுது." இருவருக்கும் எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுப்பார்கள். ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒருவருக்குப் பழுது மூளைக்குள்ளே இருக்கிறது. அவருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம். மற்றவருக்கு மூளை நலமாயிருக்கிறது, மூளையிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பில்தான் பழுது. அவரும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டியவர்தான். ஆனால் அவருடைய உயிருக்கு ஆபத்தில்லை, கண்ணுக்கே ஆபத்து.

இந்த வேறுபாட்டை அறிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நோயாளியிடம் ஒரே ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் போதும். அது என்ன என்பதை 7ஆம் நரம்பைப் படிக்கும்போது காண்போம். அதற்கு முன் மூளையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளையும் அறிந்துகொள்வோம்.

ஒன்றை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்குப் பெயர் வைப்பது தொண்டரின் வேலையல்ல. பார்த்தல், எழுதுதல், அனுப்புதல் ஆகிய மூன்றுமே நமது வேலைகள். இம்மூன்றையும் சரியாகச் செய்வதற்கே இப்பாடம்.

1. மண்டையோட்டு நரம்புகள் என்றால் என்ன?

நமது உடலின் பெரும்பாலான நரம்புகள் முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணிலிருந்து வருகின்றன. ஆனால் முகம், கண், காது, நாக்கு, தொண்டை ஆகியவற்றுக்கான நரம்புகள் மூளையிலிருந்தே புறப்பட்டு, மண்டையோட்டிலுள்ள சிறு துவாரங்களூடாக வெளியே வருகின்றன. எனவே இவற்றுக்கு மண்டையோட்டு நரம்புகள் என்று பெயர். ஒவ்வொன்றும் இடம் ஒன்று, வலம் ஒன்று எனச் சோடியாக உள்ளது.

பண்டைய வைத்தியரான கேலன் இவற்றை ஏழு சோடிகள் என எண்ணினார். 1664இல் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ் ஒன்பது சோடிகள் என்றார். 1778இல் ஜேர்மனியரான சோமரிங் பன்னிரண்டாக வகுத்தார். அந்த வரிசை எண்களையே உலகெங்கும் வைத்தியர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

இவை மூளையின் முன்புறத்திலிருந்து கீழ்நோக்கி வரிசையாக அமைந்துள்ளன. 1ஆம், 2ஆம் நரம்புகள் முன்மூளையைச் சேர்ந்தவை. ஏனையவை, மூளையையும் முண்ணாணையும் இணைக்கும் மூளைத்தண்டைச் சேர்ந்தவை. அதன் மேற்பகுதியில் 3, 4 ஆகியனவும், நடுப்பகுதியில் 5, 6, 7, 8 ஆகியனவும், கீழ்ப்பகுதியில் 9, 10, 12 ஆகியனவும் உள்ளன. 11ஆம் நரம்பின் முக்கிய பகுதி கழுத்திலுள்ள முண்ணாணிலிருந்து மேலேறி வருகிறது. மூச்சையும் விழிப்பையும் ஆளும் மையங்களும் இந்த மூளைத்தண்டிலேயே உள்ளன. ஆகவே பல மண்டையோட்டு நரம்புகள் ஒரே நேரத்தில் செயலிழந்தால் மூச்சும் நிற்கக்கூடும் என அஞ்ச வேண்டும்.

வேலையைப் பொறுத்து இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்:

உணர்ச்சியை மாத்திரம் கொண்டுசெல்பவை: 1, 2, 8
தசைகளை மாத்திரம் இயக்குபவை: 3, 4, 6, 11, 12
இரண்டையும் செய்பவை: 5, 7, 9, 10

2. சோதனைக்கு ஆயத்தம்

தேவையான பொருட்கள்: ஒரு சிறிய ரோச் லைற், கொஞ்சம் கோப்பித்தூள், ஒரு சவர்க்காரத் துண்டு, சுத்தமான பஞ்சு, பென்சில், கொப்பி, மணிக்கூடு. எல்லாம் வீட்டிலேயே உள்ளவை.

நோயாளியை வெளிச்சமுள்ள இடத்தில், உங்கள் முகத்துக்கு நேராக, ஒரே உயரத்தில் இருக்கச் செய்யுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். "ஆச்சி, உங்கட முகத்தையும் கண்ணையும் ஒருக்காப் பாக்கப் போறன். நோகாது" என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும். சோதனையைத் தொடங்குமுன் அரை நிமிடம் சும்மா பாருங்கள். இமைகள் இரண்டும் ஒரே அளவில் திறந்திருக்கின்றனவா? பேசும்போது வாய் ஒரு பக்கம் போகிறதா? குரல் எப்படி இருக்கிறது? பயிற்சி பெற்றவருக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

ஒரு பக்கத்தை மறுபக்கத்துடன் ஒப்பிடுவதே எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படை. ஒவ்வொருவரின் முகமும் வெவ்வேறானது. ஆனால் ஒருவரின் இடப்பக்கத்துக்கு அவருடைய வலப்பக்கமே அளவுகோல். ஐயமிருந்தால் அவருடைய தேசிய அடையாள அட்டையிலுள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. ஒவ்வொரு நரம்பாக

1ஆம் நரம்பு: மணநரம்பு

மூக்கின் கூரையிலுள்ள, சல்லடை போலத் துளைகள் கொண்ட மெல்லிய என்பினூடாக இதன் இழைகள் மேலே செல்கின்றன. நோயாளி கண்களை மூடி, ஒரு மூக்குத்துவாரத்தை விரலால் அடைக்கட்டும். மற்றத் துவாரத்தருகே கோப்பித்தூளைப் பிடித்து என்ன மணம் என்று கேளுங்கள். மறுபக்கத்தில் சவர்க்காரத்தைப் பிடியுங்கள். சித்தாலேப போன்ற உறைப்பான தைலங்களைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றின் உறைப்பை 5ஆம் நரம்பு உணர்ந்துவிடும், எனவே மணநரம்பு பழுதான ஒருவரும் "தெரியுது" என்று சொல்லிவிடுவார்.

மணம் தெரியாமைக்குச் சாதாரண காரணம் தடிமனே. 2020இன் பின் கொவிட் நோயாலும் பலர் இதை அனுபவித்தனர். ஆனால் தலையில் அடிபட்டபின் மணம் தெரியாமற் போய், மூக்கால் தெளிந்த நீர் வடிந்தால், அது தடிமன் நீர் அல்ல. மண்டையோடு வெடித்து மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதாகவே கருதி, மூக்கைச் சிந்தவிடாமல் உடனே அனுப்ப வேண்டும்.

2ஆம் நரம்பு: பார்வை நரம்பு

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதியுங்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஒருவர், ஒரு கண்ணில் பார்வை இழந்ததை மாதக்கணக்கில் அறியாமல் இருப்பதுண்டு. சுவரிலுள்ள கலண்டரின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வாசிக்கச் சொல்லலாம். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு உங்கள் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்து பக்கப் பார்வை. ஒரு மீற்றர் தூரத்தில் எதிரே இருங்கள். அவர் தமது இடக் கண்ணை மூட, நீங்கள் உங்கள் வலக் கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் திறந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் விரலை அசைத்தபடி வெளியேயிருந்து நடுவை நோக்கி மெதுவாகக் கொண்டு வாருங்கள். உங்களுக்குத் தெரியும் நேரத்திலேயே அவருக்கும் தெரிய வேண்டும். நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்து, மறுகண்ணையும் சோதியுங்கள்.

கிராமங்களில் பார்வை நரம்பைக் கெடுக்கும் இரண்டு காரணங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, மெதனோல் கலந்த கசிப்பு. குடித்துச் சில மணித்தியாலங்களின் பின்னோ மறுநாளோ பார்வை மங்கினால் அது வெறியல்ல, நஞ்சு. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் மாற்று மருந்து உண்டு. மற்றது, காசநோய்க்குக் கொடுக்கப்படும் எதாம்பியூட்டோல் என்னும் மருந்து. இதை எடுப்பவரில் சிலருக்குப் பார்வை குறையலாம், சிவப்பு பச்சை நிறங்கள் மங்கலாம். அப்படி நேர்ந்தால் காசநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அன்றே போகச் சொல்லுங்கள். மற்ற மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக்கூடாது என்றும் சொல்லுங்கள்.

3, 4, 6ஆம் நரம்புகள்: கண்ணை அசைப்பவை

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. அவற்றில் நான்கை 3ஆம் நரம்பு இயக்குகிறது. மேலிமையை உயர்த்துவதும், கண்மணியை (கண்ணின் கருமையான நடுத் துவாரத்தை) சுருக்குவதும் அதன் வேலையே. 4ஆம் நரம்பு, கப்பி போன்ற ஒரு வளையத்தினூடாகச் செல்லும் ஒரு தசையை இயக்குகிறது. 6ஆம் நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிறது.

சோதனை: தலையை அசைக்காமல் உங்கள் விரலைக் கண்ணால் தொடரச் சொல்லுங்கள். இடம், வலம், பின் ஒவ்வொரு பக்கத்திலும் மேல், கீழ் என அசையுங்கள். எந்தத் திசையிலாவது ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

3ஆம் நரம்பு பழுதானால் இமை தொங்கும், கண் வெளியேயும் கீழேயும் விலகி நிற்கும். 4ஆம் நரம்பு பழுதானால் படியிறங்கும்போதும் வாசிக்கும்போதும் பொருட்கள் இரண்டாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட நோயாளி தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருப்பார். 6ஆம் நரம்பு பழுதானால் அந்தக் கண் வெளிப்பக்கம் திரும்பாது.

இப்போது ரோச் லைற். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் இரு கண்மணிகளும் சுருங்க வேண்டும். வெளிச்சத்தின் சேதியை உள்ளே கொண்டுபோவது 2ஆம் நரம்பு, சுருக்கும் கட்டளையைக் கொண்டுவருவது 3ஆம் நரம்பு.

மரத்தால் விழுந்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர் ஆகியோருக்கு இச்சோதனை மிக முக்கியமானது. மண்டையோட்டுக்குள் குருதி கசிந்து அமுக்கம் கூடும்போது, மூளையின் ஒரு பகுதி கீழே தள்ளப்பட்டு 3ஆம் நரம்பை நெரிக்கும். அப்போது அந்தப் பக்கக் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். "முதலில் நல்லாக் கதைச்சார், இப்ப நித்திரை கொள்ளுறார்" என்று வீட்டார் சொல்லும் ஒருவரின் கண்மணி இவ்வாறு விரிந்திருந்தால், அவர் நித்திரை கொள்ளவில்லை. ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

நீரிழிவு உள்ளவருக்கும் இமை திடீரெனத் தொங்கலாம். அவருக்குக் கண்மணி பெரும்பாலும் வழமைபோலவே இருக்கும். ஆனால் கடுந் தலைவலியுடன் இமை தொங்கிக் கண்மணியும் விரிந்திருந்தால், மூளையில் ஒரு குருதிக்குழாய் வீங்கியிருக்கலாம். எதுவானாலும் அன்றே அனுப்ப வேண்டும்.

5ஆம் நரம்பு: முக்கிளை நரம்பு

மண்டையோட்டு நரம்புகளில் இதுவே தடித்தது. நெற்றி, கன்னம், கீழ்த்தாடை என மூன்று கிளைகளாகப் பிரிந்து முகத்துக்கு உணர்ச்சியைத் தருகிறது. கண்களை மூடச் சொல்லி, பஞ்சால் இம்மூன்று இடங்களையும் இரு பக்கமும் மெல்லத் தொட்டு, ஒரேமாதிரித் தெரிகிறதா எனக் கேளுங்கள். பின்னர் பற்களை இறுகக் கடிக்கச் சொல்லிக் கன்னத்தையும் பொட்டையும் தொட்டுப் பாருங்கள். தசைகள் இரு பக்கமும் கட்டியாக எழும்ப வேண்டும். வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் போனால், அது போகும் பக்கமே பலவீனமான பக்கம்.

பஞ்சின் நுனியால் கண்ணின் கருவிழியைத் தொட்டு இமை மூடுகிறதா எனப் பார்ப்பது வைத்தியர் செய்யும் சோதனை. நாம் அதைச் செய்யக் கூடாது.

மின்னல் வெட்டுவது போன்ற வலி, முகம் கழுவும்போதும் பல் துலக்கும்போதும் சில கணங்கள் வந்து போனால் அது இந்நரம்பின் நோயாயிருக்கலாம். பல்வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கியவர்கள் உண்டு. நெற்றியின் ஒரு பக்கத்தில் அக்கி வந்து மூக்கின் நுனியிலும் கொப்புளம் தோன்றினால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும். உடனே கண் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

7ஆம் நரம்பு: முகநரம்பு

இப்போது தொடக்கத்தில் கண்ட இருவரிடமும் வருவோம்.

முகத்தின் உணர்ச்சி 5ஆம் நரம்பைச் சேர்ந்தது. முகத்தின் அசைவு 7ஆம் நரம்பைச் சேர்ந்தது. சிரிப்பு, அழுகை, கண் சிமிட்டல் எல்லாம் இதன் வேலையே. நாக்கின் முன் மூன்றிலிரண்டு பகுதியின் சுவையையும் இது கொண்டுபோகிறது.

நான்கு கட்டளைகள் கொடுங்கள்:

"நெற்றியைச் சுருக்குங்கோ."
"கண்ணை இறுக்கி மூடுங்கோ." (நாம் விரலால் மெதுவாகத் திறக்க முயன்றாலும் திறக்கக் கூடாது.)
"பல்லைக் காட்டுங்கோ."
"கன்னத்தை ஊதுங்கோ."

வாய் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறதோ அந்தப் பக்கமே நோயுள்ள பக்கம் எனப் பலர் எண்ணுவர். இது தவறு. நலமான பக்கத் தசைகளே வாயைத் தம் பக்கம் இழுக்கின்றன. அசையாமல், கோடுகள் மறைந்து தட்டையாய்க் கிடக்கும் பக்கமே நோயுள்ள பக்கம்.

முக்கியமானது முதலாவது கட்டளை. நெற்றித் தசைக்குக் கட்டளை மூளையின் இரு பாதிகளிலிருந்தும் வருகிறது. முகத்தின் கீழ்ப்பகுதிக்கோ பெரும்பாலும் எதிர்ப்பக்கப் பாதியிலிருந்தே வருகிறது. எனவே மூளையின் ஒரு பாதியில் பாரிசவாதம் ஏற்பட்டால் வாய் கோணும், ஆனால் நெற்றி இரு பக்கமும் சுருங்கும். அந்தக் கமக்காரரின் நிலை இது. நரம்பே பழுதானால் நெற்றிக்கும் வாய்க்கும் செல்லும் இழைகள் எல்லாம் ஒருங்கே பழுதாகும். ஆகவே அந்தப் பக்க நெற்றி சுருங்காது, கண் மூடாது, வாயும் அசையாது. அந்தத் தாயின் நிலை இது. சவர்க்காரம் கண்ணுக்குள் போனதும் கண் மூடாததாலேயே. இதற்கு, 19ஆம் நூற்றாண்டில் முக நரம்பை ஆராய்ந்த சாள்ஸ் பெல் என்பவரின் பெயரால் பெல் வாதம் என்று பெயர். பஸ் காற்று இதற்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை.

கமக்காரருக்குச் செய்ய வேண்டியது: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைத்தல். கை தளர்வு, பேச்சுக் குழறல் உள்ளதா எனப் பார்த்தல். கடைசியாக எத்தனை மணிக்கு நலமாக இருந்தார் என்று கேட்டு எழுதுதல். குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை, ஸ்கான் எடுத்துப் பார்த்தபின், நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். அந்த நேரம் நோயைக் கண்ட வேளையிலிருந்து அல்ல, கடைசியாக நலமாயிருந்த வேளையிலிருந்தே கணக்கிடப்படுகிறது. வாயால் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம்.

தாய்க்குச் செய்ய வேண்டியது: அன்றே வைத்தியரிடம் அனுப்புதல். முதல் மூன்று நாட்களுக்குள் மாத்திரைகளைத் தொடங்கினால் குணமடையும் வாய்ப்புக் கூடும். பெரும்பாலானோர் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தேறிவிடுவர். அதுவரை கண்ணைக் காப்பதே பெரிய வேலை. பகலில் வைத்தியர் தரும் துளிமருந்து, வெளியே போகும்போது கண்ணாடி, இரவில் இமையை மூடி ஒட்டுதல். காய்ந்த கண்ணில் புண் வந்தால் முகம் தேறினாலும் பார்வை தேறாது.

கண் மூடாமைக்குத் தொழுநோயும் ஒரு காரணம். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை உண்டா எனப் பாருங்கள். இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள். இதற்கு இலவச மருந்து உண்டு, முற்றாகக் குணமாகும்.

ஓர் எச்சரிக்கை. நெற்றிச் சோதனை நல்ல சோதனைதான், ஆனால் மூளைத்தண்டில் வரும் சில பாரிசவாதங்களில் நெற்றியும் செயலிழக்கும். எனவே நெற்றி எப்படி இருந்தாலும், கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், தலைச்சுற்று, இரட்டைப் பார்வை ஆகியவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் அம்புலன்ஸை அழையுங்கள்.

8ஆம் நரம்பு: கேள்வி, சமநிலை நரம்பு

நோயாளியின் பின்னே ஒரு கை நீளத் தூரத்தில் நின்று, ஒரு காதை அவர் அடைத்துக்கொள்ள, மூன்று எண்களைக் குசுகுசுத்துச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு காது மந்தமானால், வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகச் சொல்லுங்கள். மந்தமான காதிலேயே ஒலி கூடுதலாகக் கேட்டால் குறை காதுக்குடுமி, செவிப்பறை, நடுக்காது ஆகியவற்றில் இருக்கலாம். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் உட்காதிலோ நரம்பிலோ பழுது இருக்கலாம். ஒரு காது திடீரெனக் கேளாமற் போவது அவசர நோய். "குடுமி அடைச்சிருக்கும்" என்று எண்ணெய் விட்டு நாட்களைக் கடத்தக் கூடாது.

9, 10ஆம் நரம்புகள்: தொண்டையும் குரலும்

வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லும்போது ரோச் லைற்றால் பாருங்கள். அண்ணத்தின் பின்பகுதி இரு பக்கமும் ஒன்றாக உயர வேண்டும். ஒரு பக்கம் பழுதானால் உள்நாக்கு நலமான பக்கம் இழுபடும். குரல் மூக்கால் வருகிறதா, தண்ணீர் குடித்தால் புரைக்கேறுகிறதா எனக் கேளுங்கள். தொண்டைக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டாம்.

10ஆம் நரம்பு நெஞ்சையும் வயிற்றையும் வரை அலைந்து செல்வது. அதன் இடப்பக்கக் கிளையொன்று நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றி மீண்டும் மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. ஆகவே நெஞ்சிலுள்ள கட்டியும் குரலைக் கரகரக்கச் செய்யும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் அடைத்திருப்பவரை, அதிலும் புகைப்பவரை, வைத்தியரிடம் அனுப்புங்கள்.

11ஆம் நரம்பு: துணை நரம்பு

இரு தோள்களையும் காதுவரை உயர்த்தச் சொல்லி, உங்கள் கைகளால் கீழே அழுத்துங்கள். பின்னர் தலையை ஒரு பக்கம் திருப்பச் சொல்லித் தாடையில் கையை வைத்துத் தடுங்கள். தலையை இடம் திருப்புவது வலப்பக்கக் கழுத்துத் தசை என்பதை மறவாதீர்கள்.

12ஆம் நரம்பு: நாக்கு நரம்பு

நாக்கை நீட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பழுதானால் நாக்கு அந்தப் பழுதான பக்கமே சாயும். நாட்பட்டால் அந்தப் பக்கம் மெலிந்து சுருங்கியிருக்கும். வெற்றிலை போடுபவருக்கு நாக்கு நரம்பு நலமாயிருந்தும் நாக்கை நீட்ட முடியாதிருந்தால், வாய்ப்புற்று இருக்கக்கூடும் என எண்ணி வாய்க்குள் நன்றாகப் பாருங்கள்.

4. நஞ்சு முகத்தில் காட்டும் அடையாளங்கள்

நரம்பு நலமாயிருந்தும், நரம்பு தசையைத் தொடும் இடத்தில் நஞ்சு வேலை செய்தால் இதே அடையாளங்கள் தோன்றும். நமது வரண்ட பிரதேசக் கிராமங்களில் இதற்கு இரண்டு காரணங்கள் முக்கியம்.

முதலாவது, எட்டடி விரியன் கடி. இது இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி குறைவு, வீக்கமில்லை, பல் பட்ட அடையாளமும் பெரும்பாலும் தெரியாது. நோயாளி விடியற்காலை வயிற்றுவலி என்று எழும்புவார். சற்று நேரத்தில் இமைகள் இரண்டும் தொங்கும், பார்வை இரட்டிக்கும், எச்சில் விழுங்க முடியாது, பின்னர் மூச்சுத் தசைகளும் சோரும். தரையில் படுத்த ஒருவர் காலையில் "கண்ணைத் திறக்க ஏலாமல் கிடக்கு" என்றால், பாம்பை ஒருவரும் காணாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எண்ணுங்கள். முத்திரைப் புடையன் கடியிலும் இமை தொங்கலாம், ஆனால் அதில் கடித்த இடம் நோகும், வீங்கும்.

கட்டவும் வெட்டவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இன்னுமொன்று. எல்லாத் தசைகளும் சோர்ந்து அசையாமல் கிடக்கும் நோயாளிக்கு நினைவு இருக்கக்கூடும், நாம் பேசுவது கேட்கக்கூடும். அவர் முன்னிலையில் "முடிஞ்சுது" என்று சொல்லாதீர்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் சில நாட்கள் வைத்துக் காப்பாற்றப்பட்டு நடந்து வீடு திரும்பியவர்கள் உண்டு.

இரண்டாவது, ஓகனோபொஸ்பேற் வகைக் கிருமிநாசினி. உட்சென்றவுடன் கண்மணிகள் இரண்டும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். எச்சில், வியர்வை, கண்ணீர் பெருகும். சிகிச்சையால் இவை தணியும். ஆனால் ஆபத்து அத்துடன் முடிவதில்லை. 1987இல் இலங்கை வைத்தியர்களான நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் நமது நாட்டு நோயாளிகளில் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த உண்மை இது: தெளிந்துவிட்டார் என்று எண்ணப்படும் நோயாளிக்கு, ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள், கழுத்துத் தசைகளும் மண்டையோட்டு நரம்புகள் இயக்கும் தசைகளும் சோர்ந்து, பின் மூச்சும் நிற்கலாம்.

இதன் முதல் அடையாளத்தைக் காணும் வழி மிக எளிது. மல்லாந்து படுத்திருப்பவரிடம், "தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்கோ" என்று சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் ஆபத்து நெருங்கிவிட்டது. எனவே நஞ்சு உட்சென்றவரை, "சுகமாயிட்டுது" என்று வைத்தியர் விடுமுன் வீட்டுக்குக் கூட்டிவர விடாதீர்கள். நஞ்சு எப்படி உட்சென்றது என்று விசாரணை செய்வது நமது வேலையல்ல. அவருக்கு அந்த வேளையில் தேவைப்படுவது பக்கத்தில் ஒரு துணையே.

5. உடனே அனுப்ப வேண்டியவர்கள்

(அ) திடீரென முகம் கோணியவர், அத்துடன் கை தளர்வோ பேச்சுக் குழறலோ உள்ளவர்.
(ஆ) தலையில் அடிபட்டபின் ஒரு கண்மணி விரிந்தவர், மயங்குபவர், மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிபவர்.
(இ) இரு இமைகளும் தொங்குபவர், விழுங்க முடியாதவர், தலையைத் தூக்க முடியாதவர்.
(ஈ) கடுந் தலைவலியுடன் இமை தொங்குபவர் அல்லது பொருட்கள் இரண்டாகத் தெரிபவர்.
(உ) கசிப்புக் குடித்தபின் பார்வை மங்கியவர்.
(ஊ) ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேள்வியோ திடீரென இழந்தவர்.

6. எழுதி அனுப்புங்கள்

நோயாளியுடன் ஒரு துண்டுக் கடுதாசியும் போக வேண்டும். நோயின் பெயரை எழுத வேண்டாம், கண்டதை எழுதுங்கள். அந்தக் கமக்காரருக்கு இப்படி எழுதலாம்:

"ஆண், வயது 62. நேற்றிரவு 9.30க்குப் படுக்கும்போது நலம். காலை 5.15க்கு எழும்பியபோது வாய் வலப்பக்கம் இழுபட்டிருந்தது. நெற்றி இரு பக்கமும் சுருங்குகிறது. இடது கை தளர்வு. பேச்சு குழறல். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவு. குருதி அமுக்க மருந்தை விட்டு மூன்று மாதம். தேநீர் குடித்தபோது வழிந்தது, அதன்பின் வாயால் எதுவும் கொடுக்கவில்லை. சோதித்த நேரம் 5.40."

வைத்தியசாலையில் இரவுக் கடமையிலிருக்கும் வைத்தியருக்கு இக்குறிப்பு பெரிய உதவி. வீட்டார் பதற்றத்தில் நேரத்தை மறந்துவிடுவர். உங்கள் கடுதாசி மறக்காது.

இன்று மாலையே உங்கள் வீட்டிலுள்ள ஒருவரை இருத்தி, பன்னிரண்டு சோதனைகளையும் செய்து பழகுங்கள். நலமான முகம் எப்படி அசையும் என்று பலமுறை கண்ட கண்ணுக்கே நலமற்ற முகம் சட்டெனத் தெரியும்.

பயிற்சி வினாக்கள்

1. வாய் இடப்பக்கம் இழுபட்டுள்ளது. வலப்பக்க நெற்றி சுருங்கவில்லை, வலக் கண் மூடவில்லை. பழுது எந்தப் பக்கம்? கண்ணைக் காக்க என்ன செய்வீர்கள்?
2. மணநரம்பைச் சோதிக்க ஏன் தைலம் பயன்படுத்தக் கூடாது?
3. தரையில் படுத்திருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை விடியற்காலை வயிறு நோகிறது என்கிறது. இமைகள் தொங்குகின்றன. உடலில் காயம் இல்லை. எதைச் சந்தேகிப்பீர்கள்? என்ன செய்வீர்கள்? எவற்றைச் செய்யமாட்டீர்கள்?
4. நாக்கு பழுதான பக்கம் சாயும். உள்நாக்கு எந்தப் பக்கம் இழுபடும்?
5. பாரிசவாத நோயாளியின் வீட்டாரிடம் "எப்போது தொடங்கியது?" என்பதைவிட "கடைசியாக எப்போது நலமாயிருந்தார்?" என்று கேட்பது ஏன் நல்லது?